கேஸ் வேறு, கதை வேறு

தம்பி, பாரிசுக்கு வந்து இரண்டு கிழமை, ஊரில் கவிதை எழுதிக்கொண்டிருந்தவன், இங்கே வாடகை எப்படி, எழுத்தாளர்களை எங்கே பிடிக்கலாம், எழுத எழுத இந்த இடம் நம்மூர் மாதிரி ஆகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர். வாடகையை, தமிழ்க் கடைகள் இருக்கும் லாசப்பலில் எந்தக் கடைக்காரரும் சொல்லுவார். எழுத்தாளர்கள் வேண்டுமென்றால் ஒரு புத்தக வெளியீட்டுக்குப் போம். மூன்று மணி என்று போட்டு ஐந்துக்குக் குத்துவிளக்கு ஏற்றுவார்கள், பிறகு எட்டுப் பேர் பேசுவார்கள், அதில் ஆறு பேர் புத்தகத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

எனக்குப் பயம் வேறு. இந்த நாட்டில் நீர் எழுதப்போகும் முதல் கதை கவிதை இல்லை, அகதிக் கோரிக்கைகளைப் பார்க்கும் ஒப்ரா கந்தோருக்கு, ஏன் ஊரைவிட்டு வந்தீர் என்று எழுதி அனுப்பும் கேஸ். படிவம் கையில் கிடைத்தால் 21 நாள்தான், அதுவும் பிரெஞ்சில் இருக்க வேண்டும். அதனால் காசு வாங்கி எழுதிக்கொடுப்பவரிடம் எல்லாரும் ஓடுகிறோம். 1990இல் நானும் ஓடினேன். அந்த மனுசன் வெங்காயம் வெட்டிக்கொண்டே என் கதையைக் கேட்டுவிட்டு, "இது காணாது" என்று எனக்கு நடக்காத ஒரு சித்திரவதையைச் சேர்த்துவிட்டார். விசாரணையில் சரியாக அந்த இடத்தில்தான் தடக்கினேன். அப்பீல், அலைச்சல், இரண்டு வருசம் போனது.

அதைவிட மோசம் பிறகு வந்தது. றெஸ்ரோறன்டில் கோப்பை கழுவிவிட்டு, ஈரக்கையோடு பில் துண்டுகளின் பின்பக்கத்தில் கதை எழுதுவேன். எதை எழுதினாலும் அந்த வெங்காயக்காரரின் சித்திரவதை உள்ளே வந்துவிடும். அப்போது கையெழுத்தில் எழுதி போட்டோக்கொப்பி அடித்த சஞ்சிகைகள் ஜெர்மனி, நோர்வே, சுவிஸ் என்று தபாலில் சுற்றிக்கொண்டிருந்தன, 1988இல் ஜெர்மனியில் தொடங்கிய, புலம்பெயர்ந்த எழுத்தாளர்கள் கூடும் இலக்கியச் சந்திப்பும் நடந்துகொண்டிருந்தது. அங்கே ஒருவர் என் கதையை வாசித்துவிட்டு, "இது கேஸ் மாதிரிக் கிடக்கு" என்றார். கோபம்தான் வந்தது. ஆனால் சரியாகத்தான் சொன்னார்.

அதனால் முதலில் ஒரு கொப்பியில் தமிழில் நடந்ததை நடந்தபடி நீரே எழுதும். அதைத்தான் மொழிபெயர்க்கக் கொடும். பிரெஞ்சில் எழுதியதை ஒரு வரி விடாமல் தமிழில் சொல்லவைத்துக் கேட்காமல் கையெழுத்து வையாதேயும். மொழியையும் படியும். முப்பது வருசம் இருந்தும் பிரிபெக்சர் என்கிற அரசாங்கக் கந்தோரின் கடிதத்தை மகளிடம் நீட்டுகிற ஆட்கள்தான் இங்கே தாயகம் பற்றி அதிகம் பேசுகிறார்கள். நான் இரவு வகுப்புக்குப் போய், அகராதியோடு பேப்பர் வாசித்துப் பழகினவன்.

நம்மூர் மாதிரி ஆகுமா என்றீர். பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்த பிறகு ஊருக்குப் போனேன். சுன்னாகம் சந்தையில் தேங்காய்க்காரரிடம் மிச்சக்காசை வாங்கியபோது வாய் தவறி "மெர்சி" என்றேன். "எந்த நாட்டில இருந்து வாறியள், அண்ணை?" என்றார்.