தெருவில் படம் எடுத்தேன், மெமரி கார்டை போலீஸ் எடுத்துக்கொண்டது: எப்படித் திரும்ப வாங்குவது?

கேள்வி: நான் மதுரை செல்லூரைச் சேர்ந்தவன். வயது 24. கல்யாண வீடுகளில் படம் எடுப்பது தொழில். வேலை இல்லாத நாட்களில் கேமராவோடு தெருக்களில் சுற்றுவேன். போன வாரம் மாசி வீதி ஒன்றில், ரோட்டோரம் பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் கூடைகளை போலீஸார் தூக்கி ஜீப்பில் ஏற்றினார்கள். அதைப் படம் எடுத்தேன். ஒரு எஸ்.ஐ. வந்து “யாரைக் கேட்டு எடுக்கிற?” என்று கேமராவைப் பிடுங்கினார். நாற்பது படங்களை என் கையாலேயே அழிக்கவைத்தார். அப்புறம் மெமரி கார்டை உருவிக்கொண்டு கேமராவை மட்டும் திருப்பிக் கொடுத்தார். என் ஆதார் அட்டையையும் முகத்தையும் அவருடைய செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். சீட்டு எதுவும் தரவில்லை. இப்போது ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி போன் வருகிறது. அந்தக் கார்டில் ஒரு கல்யாண வீட்டுப் படங்களும் இருக்கின்றன. நான் செய்தது குற்றமா? கார்டு கிடைக்குமா? என் படத்தை அவர்கள் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: தம்பி, நீங்கள் செய்தது குற்றம் இல்லை. பொது வீதியில் நின்று, போகிற வருகிறவர் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற ஒன்றைப் படம் எடுக்கக் கூடாது என்று சொல்லும் பொதுவான சட்டம் நம் நாட்டில் கிடையாது. படத்தில் விழுகிறவர் காக்கிச் சட்டை போட்டிருந்தாலும் இதே நிலைதான். அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துச் சுதந்திரத்தில் படம் எடுப்பதும் அடங்கும். அதைத் தடுக்க வேண்டும் என்றால் 19(2)-இல் சொல்லியிருக்கும் காரணங்களில் ஒன்றுக்காக இயற்றிய சட்டம் இருக்க வேண்டும். “யாரைக் கேட்டு எடுக்கிற” என்ற கேள்விக்குப் பின்னால் அப்படி ஒரு சட்டம் இல்லை.

1923-ஆம் ஆண்டின் அரசாங்க ரகசியச் சட்டத்தைச் சொல்லிச் சிலரை மிரட்டுவது உண்டு. அந்தச் சட்டம் தடைசெய்யப்பட்ட இடம் என்று சொல்வது ராணுவத் தளம், ஆயுதக் கிடங்கு போன்றவற்றை. 2022-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு, போலீஸ் ஸ்டேஷனே அந்த வரையறைக்குள் வராது என்று கூறி, ஸ்டேஷனுக்குள் வீடியோ எடுத்த ஒருவர் மீது அந்தச் சட்டத்தின் கீழ் போட்ட வழக்கை ரத்து செய்தது. ஸ்டேஷனே வராது என்றால் மாசி வீதி எங்கிருந்து வரும்?

சரி, கார்டுக்கு வருவோம். உங்களுக்கு அவசரமான விஷயம் அதுதான்.

சந்தேகத்துக்கு இடமான பொருளைக் கைப்பற்ற போலீஸாருக்கு அதிகாரம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-வது பிரிவு அதைத் தருகிறது. ஆனால் அந்தப் பொருள் திருட்டுப் பொருளாகச் சந்தேகிக்கப்பட வேண்டும், அல்லது ஏதோ ஒரு குற்றம் நடந்திருக்கிறது என்ற சந்தேகத்தைக் கிளப்பும் நிலையில் அகப்பட்டிருக்க வேண்டும். உங்கள் கார்டு இதில் எதிலும் சேராது. ஒரு பேச்சுக்குச் சேரும் என்றே வைத்துக்கொண்டாலும், கைப்பற்றிய தகவலை உடனடியாக மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. அதற்கு முந்தைய 105-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஒரு பொருளைக் கைப்பற்றினால் அதற்குப் பட்டியல் தயாரித்து சாட்சிகளிடம் கையெழுத்து வாங்க வேண்டும், அது மொத்தத்தையும் ஆடியோ வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும், செல்போனில் எடுத்தாலும் சரி என்கிறது. அன்றைக்கு அந்த வீதியில் கேமரா ஓடியிருக்க வேண்டிய இடம் எஸ்.ஐ.யின் கை. உங்கள் கேமராவை நிறுத்திவிட்டு அவர் தன் கேமராவை ஓடவிடாதது இரண்டு தப்பு.

மகசர் (சாட்சிகள் கையெழுத்திட்ட அந்தக் கைப்பற்றல் பட்டியல்) இல்லாமல், சாட்சி இல்லாமல், ரசீது இல்லாமல் எடுத்த பொருளை முறைப்படி கைப்பற்றியதாகப் போலீஸ் சொல்வது கடினம். உங்கள் மனு முழுக்க இந்த ஒரு புள்ளியில் நிற்கட்டும். அந்த எஸ்.ஐ. எப்படிப் பேசினார், எப்படித் தள்ளினார் என்பதை எல்லாம் முதல் மனுவில் கொட்டாதீர்கள். வழக்குக்காக வருகிறவர்கள் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். கோபத்தை எழுதினால் போலீஸ் தரப்பு அதற்குப் பதில் எழுதும். “எந்தப் பிரிவில் எடுத்தீர்கள், மகசர் எங்கே” என்று கேட்டால் பதில் எழுத அவர்களிடம் ஒன்றும் இருக்காது.

மனுவை அந்த ஸ்டேஷன் இன்ஸ்பெக்டருக்கு எழுதி, மாநகரக் காவல் ஆணையருக்கு நகல் அனுப்புங்கள். இரண்டையும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தேதி, நேரம், எந்தக் கடைக்கு முன்னால், கார்டின் கம்பெனி, கொள்ளளவு, அதில் யார் வீட்டுக் கல்யாணப் படங்கள் என்பதை எல்லாம் எழுதுங்கள். நேரில் போய்க் கொடுத்தால் மனு வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

பதில் இல்லை என்றால் இரண்டு வழி. கார்டைப் பற்றி மாஜிஸ்ட்ரேட்டுக்கு அறிக்கை போயிருந்தால், அதே சன்ஹிதாவின் 503-வது பிரிவின் கீழ் அந்த மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் பொருளைத் திரும்பக் கேட்டு மனு போடலாம். கைப்பற்றிய பொருட்களை ஸ்டேஷனில் நாள்கணக்கில் போட்டுவைக்கக் கூடாது, பதினைந்து நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அறிக்கையே போகவில்லை என்றால், அதையே காரணமாகக் காட்டி, ஒத்தக்கடை பக்கம் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளையில் அரசியலமைப்பின் 226-வது பிரிவின் கீழ் ரிட் மனு தாக்கல் செய்யலாம். என் அனுபவத்தில், பதிவுத் தபாலில் போன சரியான மனுவுக்கே பாதி வழக்குகளில் பொருள் திரும்பி வந்துவிடும்.

“அப்படி ஒரு கார்டை நாங்கள் வாங்கவே இல்லை” என்று சொன்னால் என்ன செய்வது? அதற்கு இன்றே தயாராகுங்கள். அந்த வீதிக் கடைகளில் எதன் சிசிடிவி அந்த இடத்தைப் பார்க்கிறது என்று கவனித்து, கடைக்காரரிடம் பதிவைக் கேளுங்கள். சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். ஸ்டேஷனிலும் கேமரா இருக்க வேண்டும். 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் குரலும் பதிவாகும் கேமரா பொருத்தச் சொன்னது. பதிவுகளைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும், அந்த வசதி இல்லாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றது. சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்த அதே 2020-இல் வந்த உத்தரவு இது. நம் பக்கத்து ஆட்களுக்கு அதன் கனம் தெரியும். “இன்ன தேதி, இன்ன நேரப் பதிவை அழிக்காமல் பாதுகாக்கவும்” என்று உங்கள் மனுவில் ஒரு வரி சேருங்கள். தகவல் அறியும் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு தனியாக ஒரு விண்ணப்பமும் போடுங்கள்.

கார்டு கைக்கு வந்ததும் அதை எந்தக் கேமராவிலும் போடாதீர்கள். கேமராவில் படத்தை அழித்தால் பெரும்பாலும் அதன் முகவரிதான் அழியும்; அதே இடத்தில் புதுப் படம் பதிவாகும் வரை பழைய படம் உள்ளே கிடக்கும். ரெகவரி தெரிந்தவரிடம் கொடுத்து முழுக் கார்டையும் நகல் எடுக்கச் சொல்லுங்கள். பின்னால் கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தால் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் தேவைப்படும். எடுத்தது எந்தக் கருவி, நகல் எடுத்தது யார் என்பதை இப்போதே ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

அந்த போனுக்குப் பயந்து ஓட வேண்டாம். சாட்சியாக ஒருவரை வரவழைக்க சுரக்ஷா சன்ஹிதாவின் 179-வது பிரிவு எழுத்துமூலமான உத்தரவைக் கேட்கிறது. உங்கள் மீதே சந்தேகம் என்றால் அதன் 35(3)-இன் கீழ் நோட்டீஸ் தர வேண்டும். அடுத்த முறை போன் வந்தால், “நோட்டீஸ் அனுப்புங்க சார், வக்கீலோடு வர்றேன்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போங்கள்.

உங்கள் முகத்தைப் படம் எடுத்தது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகளில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான். போலீஸார் ஒருவரின் புகைப்படம், கைரேகை, கருவிழிப் பதிவு போன்றவற்றை எடுக்க 2022-இல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அது கைது செய்யப்பட்டவர்கள், தண்டிக்கப்பட்டவர்கள், தடுப்புக் காவலில் இருப்பவர்கள் போன்றோருக்கு. மற்றவர்களிடம் எடுக்க வேண்டும் என்றால் புலனாய்வுக்காக மாஜிஸ்ட்ரேட் உத்தரவிட வேண்டும். உங்களை யாரும் கைது செய்யவில்லை, உத்தரவும் இல்லை. அந்தச் சட்டப்படி எடுத்த பதிவு தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தில் 75 ஆண்டுகள் இருக்கும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

தமிழ்நாடு காவல்துறை 2021 அக்டோபரிலிருந்து முக அடையாள மென்பொருளைப் பயன்படுத்துகிறது. தெருவில் எடுத்த ஒரு முகத்தை, பதிவில் இருக்கும் முகங்களோடு அது ஒப்பிட்டுப் பார்க்கும். 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள் வெளியார் புகுந்து தகவல்களை எடுத்தது செய்திகளில் வந்தது. உங்கள் முகம் ஒரு எஸ்.ஐ.யின் சொந்த செல்போனில் இருக்கிறதா, அங்கிருந்து வேறு எங்காவது போனதா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பொது இடத்தில் நிற்பதாலேயே ஒருவர் அந்தரங்க உரிமையை இழந்துவிடுவதில்லை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்னது. அரசு அதில் கைவைக்க வேண்டும் என்றால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தேவைக்கு மேல் போகக் கூடாது. ஐதராபாத்தில் 2021-இல் தெருவில் நிறுத்தி, முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லிப் படம் எடுக்கப்பட்ட ஒருவர் தெலங்கானா உயர் நீதிமன்றம் வரை போனார். நீங்கள் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. மனுவில் “என் படமும் ஆதார் நகலும் எந்தப் பதிவேட்டில், எந்தச் சட்டப்படி உள்ளன? இல்லை என்றால் அழித்துவிட்டு எழுத்தில் தெரிவிக்கவும்” என்று கேளுங்கள். பெயரும் முகவரியும் கேட்டால் சொல்லிவிடுங்கள், அதில் முரண்டு பிடித்தால் சுரக்ஷா சன்ஹிதாவின் 39-வது பிரிவு உங்களுக்கு எதிராகத் திரும்பலாம். ஆதார் அட்டையை நீட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

எல்லை எங்கே என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்க 2022 டிசம்பரில் திருச்செந்தூர் வழக்கில் மதுரைக் கிளையே உத்தரவிட்டது. சித்திரை வீதியில் எடுக்கலாம் என்பதால் கோபுர வாசலுக்கு உள்ளேயும் எடுக்கலாம் என்று ஆகாது. திருமலை நாயக்கர் மகாலில் கேமராவுக்குக் கட்டணம் உண்டு. ட்ரோன் என்றால் 2021 ட்ரோன் விதிகள் தனி. பெண்களைப் பின்தொடர்ந்து எடுப்பதும், தனிமையில் இருப்பவரை மறைந்து எடுப்பதும் எந்த வீதியிலும் குற்றம். “தள்ளி நில்லு” என்று போலீஸார் சொன்னால் தள்ளி நில்லுங்கள், அதே சன்ஹிதாவின் 172-வது பிரிவு அவர்களுக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. பத்தடி பின்னால் போயும் படம் எடுக்கலாம். கேமராவைப் பிடித்து இழுத்தால் பதிலுக்கு இழுக்காதீர்கள். அரசு ஊழியரைத் தடுத்ததாக ஒரு வழக்கு சேர்ந்துவிடும், அப்புறம் கார்டு விஷயம் பின்னால் போய்விடும்.

எஸ்.ஐ. மீது நடவடிக்கை வேண்டுமா என்பதைக் கார்டு வந்த பிறகு முடிவு செய்யுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் போகலாம், நேரம் இருக்கிறது. வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் மாவட்டக் கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

அந்தப் பூக்கார அம்மாவையும் மறந்துவிடாதீர்கள். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, முறையான நோட்டீஸுக்குப் பிறகுதான் சரக்கைக் கைப்பற்றலாம். அதைச் செய்ய வேண்டியதும் மாநகராட்சிதான். கையெழுத்திட்ட பட்டியல் கொடுக்காமல் எடுக்கக் கூடாது, பூ மாதிரி வாடிப்போகும் சரக்கை வியாபாரி கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். உங்களிடம் அழிக்கச் சொன்ன அந்த நாற்பது படங்கள் அவருக்கு ஆதாரம். மீட்டதும் அவரைத் தேடிப்போய் ஒரு பிரதி கொடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் கல்யாண வீட்டாருக்கு இன்றே போன் செய்து நடந்ததைச் சொல்லிவிடுங்கள். மறைத்தால் நாளைக்கு அவர்கள் உங்கள் மேல் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக நேரலாம். சொன்னால், “அதில் இருப்பது எங்கள் வீட்டுப் படங்கள், எங்களுக்கு வேண்டும்” என்று ஒரு கடிதம் எழுதித் தருவார்கள். அதை மனுவோடு சேர்த்துப் பின் செய்யுங்கள்.