ஆன்லைன் ஃபேன்டசி ரோல்பிளே கேமில் வணிகப் பிரபுவாக, சண்டையே போடாமல் ஆட முடியுமா? போரடிக்காதா?

முடியும். நெவர்விண்டர் நைட்ஸ் என்ற கணினி கேமில், வாட்டர்டீப் என்ற கற்பனை நகரத்தை வைத்து நடந்த ஒரு சர்வரில் இரண்டு வருஷத்துக்கு மேல் வணிகக் குடும்பத்துச் சீமாட்டியாக ஆடியிருக்கிறேன். பார்ட் (பாணர்) வகுப்பு, நான்காவது லெவல். அதற்கு மேல் ஏறவே இல்லை. இரண்டு கோப்ளின் சேர்ந்து வந்தால் என் பாத்திரம் பிழைக்காது.

வாள் சுழற்றி அலுத்துப்போய் இந்தப் பக்கம் வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். அலுப்பு வராது, காசுதான் வராது. அது 2002இல் வந்த கேம். அரக்கனைக் கொன்றவனுக்குத்தான் தங்கம் விழும். அப்ரைஸ் என்று ஒரு திறன் உண்டு. கேமே இயக்குகிற (என்பிசி) கடைக்காரனிடம் விலையைக் கொஞ்சம் அசைக்கும், அவ்வளவே. அப்படியானால் பிரபு எப்படிப் பிழைப்பது? அடுத்தவர்களுக்கு வேலை கொடுத்து. கதையை நடத்துகிற டிஎம் வராத நாட்களில் இருபது முப்பது பேர் விடுதியில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். நான் போய் வேலை சொல்வேன். சரக்குக்குக் காவல், கடிதம் கொண்டுபோவது, போட்டிக் குடும்பத்து விருந்தில் யார் யாரோடு தனியாகப் பேசினார்கள் என்று பார்த்து வருவது. பற்று வரவெல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன். அப்பா ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் கணக்குப்பிள்ளை, அதனால் பேரேடு எனக்குப் புதிதில்லை.

இனி இந்தப் பதிலை எழுத வைத்த விஷயம்.

வாட்டர்டீப்பில் தங்கக் காசுக்கு டிராகன் என்று பேர். அது போக டோல் என்று ஒரு சதுரப் பித்தளைக் காசு உண்டு, நடுவில் ஓட்டையோடு. நகரத்துக்குள் ஒரு டோலுக்கு இரண்டு டிராகன். மதிலைத் தாண்டினால் வெறும் பித்தளை. இதை நான் கண்டுபிடிக்கவில்லை, அந்த உலகத்தின் விதியே இதுதான். எங்கள் சர்வரிலும் டோலைத் தனிப் பொருளாகவே வைத்திருந்தார்கள்.

பால்டர்ஸ் கேட் என்ற வேறொரு நகரத்துக்குப் பட்டு அனுப்ப நான்கு பேரைக் காவலுக்கு அமர்த்தினேன். ஆளுக்கு 60 டிராகன் கூலி. அதை முன்பணமாக, ஆளுக்கு 30 டோலாகக் கொடுத்தேன். தெரிந்தேதான் கொடுத்தேன். டோல் ஊரைவிட்டுப் போகாது, செலவழித்தால் என் சத்திரத்தில்தான் செலவாகும் என்பது என் பாத்திரத்தின் கணக்கு. ஒப்பந்தத்தில் "நகரத்தில் செல்லும் நாணயத்தில்" என்று எழுதியிருந்தது, நான்கு பேரும் ஒப்பமிட்டார்கள். கிளம்புமுன் மாற்றிக்கொள்ள ஒரு பகல் முழுக்க இருந்தது.

மாற்றவில்லை. பால்டர்ஸ் கேட்டில் விடுதிக்காரன் பித்தளையை வாங்க மறுத்ததும் என் பட்டில் மூன்று பொதியை விற்றுச் சாப்பிட்டார்கள். திரும்பி வந்து என்மேலேயே வழக்கு. அதுவரைக்கும் எனக்குச் சந்தோஷம்தான், கதை என்றால் இதல்லவா! ஆனால் அவர்களில் ஒருவர் ஐசியை (பாத்திரமாகப் பேசுவதை) விட்டு ஓஓசியில் (ஆடுகிற ஆளாகவே) எழுத ஆரம்பித்தார். நான் ஏமாற்றுக்காரியாம், எனக்கு ரோல்பிளே தெரியாதாம். நான் இந்தியாவிலிருந்து ஆடுகிறேன் என்று தெரிந்ததும் 'கோல்ட் ஃபார்மர்' என்றார், அதாவது கேம் தங்கத்தைச் சேர்த்து நிஜக் காசுக்கு விற்கிறவள். ராத்திரி ராத்திரியாக, இரண்டாம் மொழியில் அகராதி பார்த்துப் பார்த்து ஒரு சீமாட்டி பேசுகிற மாதிரி வசனம் எழுதியவளைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. இன்றைக்கும் எரிகிறது.

இங்கேயும் சிலர் "ஆனாலும் அது மோசடிதானே" என்று கருத்துப் பெட்டிக்கு வருவீர்கள். என் பாத்திரம் செய்தது நயவஞ்சகம், ஒத்துக்கொள்கிறேன். அதற்குத்தான் அந்த ஊரில் கறுப்பு அங்கி நடுவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் நின்று தோற்றிருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். நிற்கவே முடியவில்லை.

விசாரணை 2012 நவம்பரில் ஒரு ராத்திரி. டிஎம்முக்கு ஐரோப்பாவில் இரவு ஒன்பது, எனக்கு ஒன்றரை மணி. இரண்டு பக்கம் வாதம் தயார் செய்து வைத்திருந்தேன். சரியாக இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. அந்த வருஷம் மின்வெட்டு எப்படி இருந்தது என்று சென்னையில் இருந்தவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. அங்கே இரண்டு மணி நேரம்தான் வெட்டு. எங்களுக்கு ஒரு நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் கிடையாது. தறி ஓடவில்லை, கூலி இல்லை. பக்கத்து வீட்டு அக்கா தறிப்பட்டறைக்குப் போனவர், ராத்திரி கரண்ட் வருகிற ஒரு மணி நேரத்துக்காகத் தூங்காமல் காத்திருப்பார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வாசலில் எமர்ஜென்சி லைட்டோடு உட்கார்ந்திருக்கும். மாவட்டத்துக்காரர்கள் என்றால் அப்படி என்ன இளப்பம் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. யுபிஎஸ் பத்து நிமிஷம் தாங்கியது, மோடமும் கூடவே செத்தது.

காலையில் பார்த்தால் தீர்ப்பு எழுதியாயிற்று. "பிரதிவாதி சபையைவிட்டு ஓடிவிட்டாள்." கிடங்குக்கு முத்திரை, பிணைத்தொகை பறிமுதல். கரண்ட் போனதை டிஎம்முக்கு எழுதினேன், எல்லோரும் சொல்கிற சாக்குதான் என்றார்.

விட்டுவிடவில்லை. மிஞ்சிய 40 டிராகனை வைத்து மறுபடி ஆரம்பித்தேன். ஐந்து வாரம் கழித்து, அந்த நான்கு பேரில் குள்ளராக ஆடியவர் பாத்திரத்தின் பேரில் கடிதம் போட்டு வேலை கேட்டார். கொடுத்தேன். பாதி முன்னால், பாதி சரக்கு இறங்கியதும், எல்லாம் டிராகனில். கடைசி வரைக்கும் அவர்தான் என் கப்பலுக்குக் காவல்.

நீங்கள் ஆரம்பிப்பதானால் இரண்டு விஷயம். அந்த ஊர் நாணயத்தை உங்கள் சர்வர் எப்படி நடத்துகிறது என்று டிஎம்மிடம் முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தம் எதுவானாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். என்னுடையது அந்த ராத்திரி வரைக்கும் நோட்டில் மட்டும்தான் இருந்தது.