எம்.பி.பி.எஸ். கல்லூரியை எதை வைத்து எடைபோடுவது?

கேள்வி: மகள் நீட்டில் எடுத்திருக்கும் மார்க்குக்கு மதுரை மருத்துவக் கல்லூரி இழுபறிதான் என்கிறார்கள். விருதுநகர், திண்டுக்கல், சிவகங்கை, தேனி கிடைக்கலாம். எந்த வரிசையில் போடுவது? புதுக் கல்லூரியில் படித்தால் மதிப்பு இருக்குமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள், தூக்கமே வரவில்லை. (ஒரு தாய், திருமங்கலம்)

பதில்: மதிப்பு என்கிற கவலையை முதலில் இறக்கி வையுங்கள் அம்மா. நீங்கள் சொல்லும் ஐந்து கல்லூரிகளுமே டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. வினாத்தாளும் ஒன்று, பட்டமும் ஒன்று. 1954-ல் தொடங்கிய மதுரைக்கும், 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொரு கல்லூரிகளில் அடங்கும் விருதுநகர், திண்டுக்கல்லுக்கும் சான்றிதழில் பேதம் கிடையாது. பேதம் இருப்பது வார்டில். அதைத்தான் நீங்கள் எடைபோட வேண்டும்.

போன வருட கட்-ஆஃப் எதைக் காட்டுகிறது என்றால், போன வருடம் பிள்ளைகள் எதை விரும்பினார்கள் என்பதை மட்டும். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையிலும் ஆராய்ச்சிக்குப் பெரிய பங்கு உண்டு. பிஜி, அதாவது மேற்படிப்பு, படிக்கப் போகிறவருக்கு அது உதவும். மூன்றாம் வருட மாணவி நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் கல்லீரல் வீக்கத்தைக் கண்டுபிடிக்கப் பழகினாளா என்பதை எந்தத் தரவரிசையும் சொல்லாது. ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ ஃப்ளெக்ஸைப் பார்த்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: முதல் முயற்சியிலேயே பாஸ் ஆனவர்கள் எத்தனை பேர், பாடவாரியாகச் சொல்ல முடியுமா?

இனி கணக்குக்கு வருவோம். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிப்படி 100 சீட் கல்லூரிக்கு 420 படுக்கை, 150 சீட்டுக்கு 605, 250 சீட்டுக்கு 900 இருக்க வேண்டும். சீட்டுக்கு நாலு படுக்கை என்று தாராளமாகத் தெரியும். ஆனால் இரண்டாம் வருடம் முதல் இறுதி வருடம் வரை எல்லா அணிகளும், கடைசி ஒரு வருடப் பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன்களும் அதே படுக்கைகளைத்தான் சுற்றி நிற்கிறார்கள். அதனால் எத்தனை படுக்கை என்பதை விட, எத்தனை படுக்கையில் ஆள் இருக்கிறது, ஒரு நோயாளியைச் சுற்றி எத்தனை மாணவர்கள் நிற்கிறார்கள் என்பதே முக்கியம். ஏழெட்டுப் பேர் என்றால் எல்லோரும் ஸ்டெத் வைத்துக் கேட்கலாம். இருபது பேர் என்றால் பின்வரிசையில் நிற்பவருக்கு முன்னால் நிற்பவரின் வெள்ளைக் கோட்டு மட்டும்தான் தெரியும்.

மதுரை பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு, சுற்றியுள்ள மாவட்டங்கள் அத்தனையிலிருந்தும் சிக்கலான கேஸ்கள் வருகின்றன. பூச்சிமருந்து குடித்தவர், நான்குவழிச் சாலை விபத்து, தை மாதம் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூரில் மாடு முட்டியவர் என்று ஒரு மாணவி ஐந்தரை வருடத்தில் பார்க்கும் நோய்களின் வீச்சு மிகப் பெரிது. ஆனால் அங்கே 250 சீட், போதாததற்கு நிறைய பிஜி மாணவர்கள். சொல்லிக்கொடுக்க நள்ளிரவிலும் சீனியர் இருப்பார் என்பது லாபம். கையால் செய்து பழகும் வேலையில் பெரும்பகுதியை அந்த சீனியரே செய்துவிடுவார் என்பது நஷ்டம்.

புதிய மாவட்டக் கல்லூரியில் இது அப்படியே தலைகீழ். பிஜி மாணவர்கள் குறைவு, அதனால் ஹவுஸ் சர்ஜன் கைக்கு வேலை நிறைய வரும். ஆனால் கேஸ் கொஞ்சம் மோசமானால் மதுரைக்கு ரெஃபர் செய்துவிடுவார்கள். அந்த நோயாளி எப்படித் தேறினார், எங்கே கைமீறியது என்பதை அங்குள்ள மாணவர்கள் பார்க்க மாட்டார்கள். அந்தந்தத் துறையில் பேராசிரியர் இடம் காலியாக இருந்தால், வேலை வரும், கற்றுக்கொடுக்க ஆள் வராது.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் தண்ணீராக ஓடினால் விஷமுறிவு மருந்து ஆரம்பிக்க வேண்டும். செலவே இல்லாத சோதனை, கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் உயிர் காப்பது. இதைத் தன் கையால் செய்த ஹவுஸ் சர்ஜனும் உண்டு, பக்கத்தில் நின்று பார்த்தவரும் உண்டு, புத்தகத்தில் படித்ததோடு நின்றவரும் உண்டு. மூன்று பேருக்கும் பட்டம் ஒன்றுதான்.

ஆகவே கவுன்சிலிங்கில் சாய்ஸ் லாக் செய்வதற்கு, அதாவது கல்லூரி வரிசையை உறுதி செய்வதற்கு, முன் ஒரு நாளை ஒதுக்கி நேரில் போங்கள். இன்ஸ்பெக்‌ஷன், முகாம் நடக்கும் நாளாக வேண்டாம். சாதாரண செவ்வாய், புதன் போதும். காலை பத்தரைக்கு ஓபியில் நில்லுங்கள். எந்த அறைக்கு முன் கூட்டம், உள்ளே உட்கார்ந்திருப்பது யார் என்று பாருங்கள். பிறகு கேன்டீனில் இறுதி வருட மாணவரையோ ஹவுஸ் சர்ஜனையோ பிடியுங்கள். ‘காலேஜ் எப்படித் தம்பி?’ என்று கேட்டால் ‘சூப்பர் ஆன்ட்டி’ என்றுதான் பதில் வரும். எண்ணாகப் பதில் வரும்படி கேளுங்கள். எத்தனை சுகப்பிரசவம் நீங்களே பார்த்தீர்கள்? எத்தனை தையல் போட்டீர்கள்? போன வாரம் சீஃப் (யூனிட்டின் தலைமை டாக்டர்) ரவுண்ட்ஸ் எத்தனை நாள் வந்தார்? கேஸ் பிரசன்டேஷன் கடைசியாக எப்போது செய்தீர்கள், யார் திருத்தினார்? முதல் வருடத்தினரிடம், டிசெக்‌ஷனில் அதாவது இறந்தவர் உடலை அறுத்துப் படிப்பதில், ஓர் உடலுக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். பத்துப் பேர் என்றால் நிம்மதி. அதைப் போல இரண்டு மூன்று மடங்கு என்றால் பாதிப் பேர் கத்தியைத் தொடாமலே அனாட்டமி பாஸ் செய்கிறார்கள் என்று அர்த்தம்.

ஹவுஸ் சர்ஜன் வருடம் 52 வாரம். சமூக மருத்துவம் 12 வாரம், மகப்பேறு 7, பொது மருத்துவமும் அறுவையும் தலா 6, அவசரச் சிகிச்சை 2 என்று விதியிலேயே பிரித்திருக்கிறது. இந்த வருடத்தில் ரத்தக் குழாயைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடுவதும் கேஸ் ஷீட் எழுதுவதுமாகவே பொழுது போகிறதா, இல்லை பெரியவர்கள் பக்கத்தில் நின்று செய்ய வைக்கிறார்களா? ஒரு கல்லூரியைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகளில் இதைவிடப் பெரியது இல்லை என்பேன்.

அடுத்து, கல்லூரி உங்கள் மகளை எப்படி எடைபோடப் போகிறது என்பது. 2019-ல் சேர்ந்த அணியிலிருந்து திறன் அடிப்படைப் பாடத்திட்டம் நடக்கிறது. தியரிக்கு 75 சதவீதமும் பிராக்டிகல், வார்டுக்கு 80 சதவீதமும் வருகை வேண்டும். இன்டர்னலில், அதாவது கல்லூரியே போடும் மார்க்கில், தியரியும் பிராக்டிகலும் சேர்த்து 50 சதவீதம், தனித்தனியே 40-க்குக் குறையாமல் இருந்தால்தான் பல்கலைக்கழகத் தேர்வு எழுத விடுவார்கள். முதல் வருடத் தேர்வுக்கு நாலு முயற்சிதான். சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது வருடத்துக்குள் படிப்பை முடித்தாக வேண்டும். குலதெய்வக் கும்பிடு, காதுகுத்து, சித்திரைத் திருவிழா என்று ஒவ்வொன்றுக்கும் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்ளும் வீடுகளில் இந்த 80 சதவீதம்தான் முதலில் உதைக்கும்.

லாக் புக் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு திறனையும் செய்து காட்டி, அன்றே ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நடைமுறையில் சில இடங்களில் தேர்வுக்கு முந்தின ராத்திரி ஒரே பேனாவில் மொத்தமாக எழுதி, மொத்தமாகக் கையெழுத்து வாங்குவார்கள். சீனியரின் லாக் புக்கை நாலு பக்கம் புரட்டினாலே தெரிந்துவிடும்: தேதிகள் வேறு வேறா, ‘மீண்டும் செய்க’ என்று எங்காவது எழுதியிருக்கிறதா? எல்லோருக்கும் எண்பது மார்க் போடும் இன்டர்னலும் அதே ரகம்தான். பிள்ளைக்கு அப்போது சந்தோஷம், வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் தேர்வாளர் ஒரு நோயாளியைக் காட்டி ‘பரிசோதித்துச் சொல்’ என்னும்போது கை நடுங்கும். முதல் இன்டர்னலில் ஃபெயில் போடுகிற, போட்டுவிட்டு ஏன் என்று உட்காரவைத்துச் சொல்கிற துறை இருந்தால், அந்தக் கல்லூரியை ஒரு படி மேலே ஏற்றுங்கள். தமிழ் வழியில் படித்து வரும் பிள்ளைகளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். முதல் மூன்று மாதம் ஆங்கில மருத்துவப் பெயர்களை மனப்பாடம் செய்யவே சரியாக இருக்கும், பயப்பட வேண்டாம்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே தோப்பூர் எய்ம்ஸ் இருக்கிறதே என்று தோன்றும். அது மாநிலக் கவுன்சிலிங்கில் வராது, மத்திய அரசின் மருத்துவக் கவுன்சிலிங் குழுவான எம்.சி.சி.யின் கவுன்சிலிங்கில் தனியாகப் பதிய வேண்டும். 2022-ல் சேர்ந்த முதல் 50 பேர் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில்தான் படிப்பைத் தொடங்கினார்கள். உங்கள் மகள் சேரும் வருடம் வகுப்பு எங்கே, வார்டு எங்கே என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

வரிசை என்று கேட்டால்: மதுரையை முதலில் போடுங்கள். கிடைக்காவிட்டால் நஷ்டமில்லை, அடுத்த சாய்ஸுக்குப் போகும். அடுத்த நாலையும் தூரத்தை வைத்து அடுக்காதீர்கள். நேரில் பார்த்ததில் ஹவுஸ் சர்ஜன் சொன்ன எண்ணிக்கையும், மெடிசின், சர்ஜரி, மகப்பேறு, குழந்தை நலம் இந்த நாலு துறையில் பேராசிரியர் இருக்கிறாரா என்பதும் எப்படி வருகிறதோ, அப்படி அடுக்குங்கள்.

விருதுநகர் கிடைத்தால் திருமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வரலாம் என்று வீட்டில் பேச்சு எழும். முதல் வருடம் அது ஓடிவிடும். வார்டு போஸ்டிங் தொடங்கியதும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் ஓய்வாக உட்கார்ந்து நோயாளியிடம் பேசிக் கேஸ் எடுக்க முடியும். அந்த நேரத்தில் அவள் பஸ் ஸ்டாண்டில் நிற்பாள். இரண்டாம் வருடத்திலிருந்தாவது ஹாஸ்டலில் விடுங்கள்.