கார்டு போனதற்கு வழக்குப் போடும் முன், வீட்டு மின் இணைப்பைப் பாருங்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படகர் ஊரில்) இருக்கிறேன். தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியர். 14 மாதங்களுக்கு முன் அம்மாவின் நகையை அடகு வைத்து, கோவையில் ஒரு கடையில் ஆறு புது கிராபிக்ஸ் கார்டுகளை ரூ. 2.4 லட்சத்துக்கு வாங்கினேன். மூன்று வருட வாரண்டி. வீட்டுப் பின்னறையில் கிரிப்டோ மைனிங் (கார்டுகளை இரவு பகலாகக் கணக்குப் போட வைத்து டிஜிட்டல் நாணயம் ஈட்டுவது) செய்தேன். ஒரு கார்டில் வந்த அன்றே டிஸ்ப்ளே வரவில்லை. கடைக்காரர் வாங்கி வைத்துக்கொண்டு, 'கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறோம்' என்றே இன்றுவரை சொல்கிறார். மற்ற ஐந்தும் மழைக்காலத்தில் ஒவ்வொன்றாகப் போயின. அதில் இரண்டைக் குன்னூரில் ஒரு செல்போன் சர்வீஸ்காரரிடம் கொடுத்து, சிப்புக்குச் சூடு வைத்துப் பார்த்தோம். மூன்றைச் சர்வீஸ் சென்டர் 'மைனிங் உபயோகம், ஈரம்' என்று எழுதித் திருப்பிவிட்டது. நியாயம் கேட்கப் போன அப்பாவைக் கடைக்காரர் எல்லோர் முன்பும் அவமானப்படுத்தினார். அப்பா பெயரில் உள்ள வீட்டு லைனுக்கு நாங்கள் கட்டிய கரண்ட் பில்லே தாங்க முடியாதது. கடைக்காரர்மேல் மோசடிப் புகார் கொடுக்க வேண்டும். ஊட்டி நுகர்வோர் ஆணையத்தில் கார்டு விலை, வராமல் போன மைனிங் வருமானம் ரூ. 4 லட்சம், மன உளைச்சலுக்கு ரூ. 10 லட்சம் கேட்க வேண்டும். 'கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு வாங்கினதா சொல்லிடு' என்கிறார் நண்பர். சொல்லலாமா?

பதில்: சொல்லக் கூடாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன். உங்கள் வழக்கைத் தீர்மானிக்கப்போவது ஒரே கேள்விதான்: அந்தக் கார்டுகளை எதற்காக வாங்கினீர்கள்?

அப்பாவுக்கு நேர்ந்தது எனக்கும் வருத்தம்தான், ஆனால் ஆணையத்தில் அது ஒரு பாராவுக்கு மேல் ஓடாது. மோசடிப் புகார் வேண்டாம். விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் அது மோசடி. வாரண்டி தர மறுப்பது சிவில் விவகாரம் என்று ஸ்டேஷனிலேயே சொல்லி அனுப்பிவிடுவார்கள். 10 லட்சத்தையும் மறந்துவிடுங்கள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு, வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஒரு விலக்கு உண்டு. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கி, அதைத் தானே பயன்படுத்துபவர் நுகர்வோர்தான். 1995-ல் லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. அதில் எதிர்த்தரப்பு நம் கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட். டைப்ரைட்டர் வாங்கித் தானே டைப் அடித்துப் பிழைப்பவரும், ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவரும் நுகர்வோர் என்றது நீதிமன்றம். உங்களுக்கோ மாதச் சம்பளம் வருகிறது. பக்க வருமானத்துக்கு ஆறு கார்டு ஓட்டியவருக்குப் 'பிழைப்பதற்காக மட்டுமே' என்ற சொல் பொருந்தாது. போதாததற்கு, வராத வருமானம் 4 லட்சம் என்று நீங்களே கேட்கிறீர்கள். லாபம் போயிற்று என்று எழுதினால், லாபத்துக்காகத்தான் வாங்கினேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்தக் கணக்கும் நிற்காது. ஈத்தரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் மைனிங் முறையையே கைவிட்ட பிறகு, கிராபிக்ஸ் கார்டு மைனிங்கில் வருமானம் எப்படி விழுந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

இதுவரை சொன்னது வழக்குத் தோற்கும் என்பது மட்டும். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

புகார் மனுவில் பொருளை எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதியாக வேண்டும். அதை உண்மை என்று அபிடவிட்டில் உறுதி செய்து கையெழுத்தும் போட வேண்டும். என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் விழுவது அந்த இடத்தில்தான். பொருள் கெட்ட கோபத்தில், யாரும் கேட்காததையெல்லாம் தங்களைப் பற்றி எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். குன்னூரில் ஒருவர் வீட்டு மாடியை டூரிஸ்ட்டுகளுக்கு விட்டுவந்தார். இன்வெர்ட்டர் கெட்டதற்கு வழக்குப் போட்டபோது, மே மாத சீசனில் எத்தனை விருந்தினர் காலி செய்து போனார்கள், எவ்வளவு நஷ்டம் என்று மனுவில் விவரமாக எழுதிவிட்டார். மின் இணைப்போ வீட்டு இணைப்பு. காட்டேஜ் லைசென்ஸும் இல்லை. எதிர்த்தரப்பு அந்த மனுவின் நகலை இணைத்து மின்வாரியத்துக்கு ஒரு கடிதம் போட்டது, அவ்வளவுதான். இன்வெர்ட்டர் விலையைவிடப் பல மடங்கு கட்டிவிட்டு, வழக்கையும் வாபஸ் வாங்கினார்.

உங்களுக்கும் அதுவே நடக்கலாம். எந்த நோக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தார்களோ அதைவிட்டு வேறு நோக்கத்துக்கு மின்சாரம் பயன்படுத்தினால், 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ம் பிரிவில் அது அனுமதியற்ற பயன்பாடு. அந்தப் பயன்பாட்டுக்கு உரிய கட்டண விகிதத்தைப் போல் இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போது தொடங்கியது என்று தெரிந்தால் அந்தக் காலம் முழுவதற்கும், தெரியாவிட்டால் சோதனைக்கு முந்தைய 12 மாதத்துக்கும் போடலாம். கார்டுக்கு 200 வாட் என்று வைத்தால்கூட, ஐந்து கார்டு இரவு பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு 24 யூனிட். இரண்டு மாத ரீடிங்கில் 1,440 யூனிட். எந்த ரீடிங்கிலிருந்து ஏறியது என்பதை மின்வாரியத்தின் பதிவேடே சொல்லிவிடும். 'யூனிட்டுக்குப் பணம் கட்டிவிட்டோமே, திருடவில்லையே' என்பீர்கள். சீதாராம் ரைஸ் மில் வழக்கில் உச்ச நீதிமன்றம், 126-ம் பிரிவுக்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. வீட்டில் கம்ப்யூட்டர் ஓட்டுவது வணிகமா என்று வாதாட இடம் இருக்கிறதுதான். ஆனால் அப்பீலுக்கு 30 நாள்தான் கெடு, அதுவும் போட்ட தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான். நோட்டீஸ் வருவது இணைப்பு வைத்திருக்கும் உங்கள் அப்பாவுக்கு. கடைக்காரர் பேசியதைவிட அது அவரை அதிகம் உலுக்கும்.

வருமான வரியையும் யோசியுங்கள். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ விற்ற லாபத்துக்கு 30 சதவீத வரி. மைனிங்குக்கு வாங்கிய கருவிகளின் செலவை அதில் கழிக்க முடியாது என்று 2022 மார்ச்சில் நாடாளுமன்றத்திலேயே அரசு பதில் சொன்னது. கார்டுகள் போன நஷ்டமும் உங்களுக்கு உதவாது. நாணயத்தை இந்திய எக்ஸ்சேஞ்சில் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளத்தில்) விற்றிருந்தால் உங்கள் பான் எண்ணோடு அது பதிவாகியிருக்கும். ரிட்டனில் காட்டினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஆகவே மனுவில் 'மைனிங்தான் என் பிழைப்பு' என்று எழுதினால் மின்வாரியமும் வரித்துறையும் வரும். 'பொழுதுபோக்கு' என்று எழுதினால் ஆறு கார்டையும் 4 லட்சத்தையும் காட்டிக் கேள்வி கேட்பார்கள். நண்பர் சொல்லும் வீடியோ எடிட்டிங் கதை இரண்டையும்விட மோசம். ஆணையத்தில் நடப்பதும் நீதிமன்ற நடவடிக்கையாகவே கருதப்படும். அங்கே தெரிந்தே பொய் சொன்னால் பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) 229-ன்படி ஏழு ஆண்டுவரை சிறை. சர்வீஸ் சென்டர் அறிக்கை அவர்கள் கையில் இருக்கிறது. ரிக் (கார்டுகள் பூட்டிய மைனிங் கம்ப்யூட்டர்) எவ்வளவு ஓடுகிறது, ஒரு நாளைக்கு என்ன வருகிறது என்று கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்பியிருந்தால் அதுவும் இருக்கும். இப்போது அழிக்காதீர்கள். உங்கள் போனில் அழித்தாலும் அவர் போனில் அழியாது, அழித்தது மட்டும் தனிக் குற்றச்சாட்டாக வரும்.

கார்டுகளை ஆய்வுக்கு அனுப்பினாலும் உங்களுக்குச் சாதகமாக எதுவும் வராது. சூடு வைத்த இரண்டும் சாட்சியமாகப் பயன்படாது, பிரித்தவர் கெடுத்தார் என்பார்கள். மற்ற மூன்றில் மெமரி சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடு காய்ந்திருக்கும், ஃபேன் பேரிங் தேய்ந்திருக்கும். மலை குளிர், கூலிங் செலவு மிச்சம் என்று நம்பித்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் இதில் இறங்குகிறார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தால் குளிரோடு மூடுபனியையும் ஃபேன் இழுக்கும். மரம் விழுந்து கரண்ட் போனதும் சூடான கார்டு ஆறி, ஈரம் படிகிறது. ஈரம் என்று அவர்கள் எழுதியதை உங்களால் மறுக்க முடியாது. வாரண்டி அட்டையில் மைனிங்கும் வணிகப் பயன்பாடும் கூடாது என்று இருக்கிறதா பாருங்கள், பல அட்டைகளில் இருக்கும். அந்த நிபந்தனையே நியாயமற்றது என்று வாதாட ஊட்டிக்கு அதிகாரம் இல்லை, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். இந்தத் தொகைக்கு அது கட்டாது.

சரி, உங்களிடம் இருக்கும் பலம் என்ன? வந்த அன்றே டிஸ்ப்ளே வராத அந்தக் கார்டு. கடிதத்தில் ஒரு வரியில் கடந்து போய்விட்டீர்கள். அது மைனிங்கில் ஒரு நிமிடம்கூட ஓடவில்லை, ஈரம் பட நேரமில்லை, இன்றுவரை கடைக்காரர் கையிலேயே இருக்கிறது. 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ம் பிரிவுப்படி விற்ற பொருள் விற்பனைக்கு ஏற்ற தரத்தில் இருக்க வேண்டும். அதற்கு நீங்கள் நுகர்வோராக இருக்க வேண்டியதில்லை. கோவை சிவில் கோர்ட்டில் 3 சதவீதக் கோர்ட் ஃபீ கட்டி, 40,000 ரூபாய்க்கு வழக்குப் போட முடியும். கடைக்காரருக்கும் இது தெரிந்திருக்கும், அதனால்தான் 14 மாதமாக நாள் கடத்துகிறார்.

என் யோசனை, சமரசம். அந்த ஒரு கார்டுக்கு மாற்றுக் கார்டு அல்லது 40,000 ரூபாய், சர்வீஸ் சென்டர் திருப்பிய மூன்றையும் கடைக்கே கொடுத்துவிட்டு அதற்கு ஈடாக ஏதாவது ஒரு தொகை. மூன்றுக்கும் சேர்த்து 15,000 கிடைத்தாலும் கையெழுத்துப் போடுங்கள். சூடு வைத்த இரண்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒப்பந்தத்தில் கார்டுகளின் சீரியல் எண், தொகை, தேதி, இரு தரப்புக்கும் இனி பாக்கி இல்லை என்பது போதும். கார்டு எதற்குப் பயன்பட்டது என்று ஒரு வரிகூட அதில் வரக் கூடாது, அவர்கள் டைப் செய்து நீட்டினாலும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இதோடு சேர்த்து இரண்டு வேலை. மறுபடி மைனிங் செய்யும் எண்ணம் இருந்தால், அதற்கு முன் உரிய கட்டண வகையில் தனி இணைப்பு வாங்குங்கள். வருமானத்தைக் காட்டவில்லை என்றால் ஆடிட்டரைப் பார்த்து, விட்டுப்போன வருமானத்தைச் சேர்த்து அப்டேட்டட் ரிட்டன் போடுங்கள். கூடுதல் வரி உண்டு, தள்ளிப்போடப்போட அதுவும் ஏறும், ஆனால் நோட்டீஸ் வந்த பிறகு கட்டுவதைவிடக் குறைவு.

சமரசம் படியாவிட்டால் அந்த ஒரு கார்டுக்கு மட்டும் சிவில் வழக்கு. வாங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு கெடு என்று வைத்துக்கொள்ளுங்கள், 14 மாதம் போய்விட்டது. கார்டை ஒப்படைத்தபோது கொடுத்த இன்வர்ட் ஸ்லிப்பைத் தேடி எடுங்கள். இல்லையென்றால், 'உங்களிடம் உள்ள கார்டு எப்போது வரும்?' என்று மட்டும் வாட்ஸ்அப்பில் கேட்டு, அவருடைய பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு பில்லையும் வாரண்டி அட்டையையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அப்பாவை அழைத்துப் போக வேண்டாம், நிதானமாகப் பேசத் தெரிந்த ஒரு பெரியவர் உடன் இருக்கட்டும்.