பையன் நாள் முழுக்க லினக்ஸ் லேப்டாப்போட மல்லுக்கட்டுறான், இதுல வேலை கிடைக்குமா?

சார், உங்க மெசேஜ் முழுசா படிச்சேன். பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெண்டாவது வருஷம், லேப்டாப்ல இருந்த விண்டோஸைத் தூக்கிட்டு உபுண்டுங்கிற லினக்ஸைப் போட்டுட்டான், வாரத்துல பாதி நாள் வைஃபை வரல டிஸ்க் ஃபுல்னு அதோடயே கிடக்கான், பக்கத்து வீட்டுப் பொண்ணு ஃபுல் ஸ்டாக் கோர்ஸ் (வெப்சைட்டை முழுசா கட்டக் கத்துக்குடுக்கிறது) சேர்ந்துட்டா நம்ம பையன் மட்டும் கறுப்பு ஸ்க்ரீன்ல ஏதோ தட்டிட்டு இருக்கான், உருப்படுவானான்னு கேக்குறீங்க. உருப்படுவான் சார். ஆனா இப்ப பண்ற விதத்தைக் கொஞ்சம் மாத்தணும்.

லினக்ஸ் டெஸ்க்டாப் சப்போர்ட்னே தனியா வேலை நம்ம ஊர்ல ரொம்ப கம்மி, அதை நம்பி இறங்க வேண்டாம். ஆனா கம்பெனி சர்வர்லயும் கிளவுட்லயும் பெரும்பாலும் ஓடுறது அதே லினக்ஸ்தான். லேப்டாப்ல வர்ற நெட்வொர்க், டிஸ்க், பர்மிஷன் தொல்லை அங்கயும் அதே ரூபத்துல வரும், என்ன, அங்க ராத்திரி ரெண்டு மணிக்கு வரும். என்ஓசி இன்ஜினியர் (நெட்வொர்க்கைக் கண்காணிக்கிறவர்), எல்1 சப்போர்ட் (புகாரை முதல்ல பாக்குறவர்), ஜூனியர் லினக்ஸ் அட்மின் (சர்வரைப் பராமரிக்கிறவர்), எஸ்ஓசி அனலிஸ்ட் (செக்யூரிட்டி அலர்ட்டைக் கண்காணிக்கிறவர்), இப்படித்தான் உள்ள போற கதவுகள். முதல் சம்பளம் சுமார்தான், ஷிஃப்ட் இருக்கும், அதையும் இப்பவே சொல்லிடுறேன், அப்புறம் நைட் ஷிஃப்ட்னு சொல்லவே இல்லையேன்னு என்கிட்ட வரக்கூடாது.

இனி தம்பிக்கு, அவன்கிட்ட இதைக் காட்டுங்க.

தம்பி, "வைஃபை கனெக்ட் ஆயிருக்கு, ஆனா எந்த சைட்டும் திறக்கல, என்ன பண்ணுவ?" இன்டர்வியூல ரொம்ப சாதாரணமா வர்ற கேள்வி இது. ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவேன், உபுண்டு ரீஇன்ஸ்டால் பண்ணுவேன்னு சொன்னா கதை முடிஞ்சுது. வீட்ல கரண்ட் போனா அம்மா என்ன பண்றாங்க, முதல்ல பக்கத்து வீட்ல லைட் எரியுதான்னு எட்டிப் பாக்குறாங்க, அப்புறம்தான் ஃபியூஸ் பக்கம் போறாங்க, அவ்ளோதான் விஷயம். அதே வைஃபைல உன் போன்ல நெட் வருதா? வந்தா லைன்ல கோளாறு இல்ல, உன் மெஷின்லதான். ஐபி அட்ரஸ் (நெட்வொர்க்ல உன் மெஷினோட நம்பர்) வந்திருக்கா பாரு, அடுத்து ரவுட்டருக்கு பிங், அதாவது பதில் வருதான்னு ஒரு சின்ன தட்டு, அதுக்குப் பதில் வந்தா வெளில இருக்கிற கூகுளோட 8.8.8.8-க்கு பிங். நம்பருக்குப் போகுது, சைட் பேரு போட்டா மட்டும் போகலன்னா டிஎன்எஸ் பிரச்சனை, பேரை நம்பரா மாத்துற இடம் அது. எல்லாம் போகுது, பிரவுசர்ல மட்டும் வரலன்னா காலேஜ் லேப்ல போட்ட ப்ராக்ஸி (நடுவுல ஒரு மெஷின் வழியா நெட் போற) செட்டிங் அப்படியே ஒட்டிட்டு இருக்கும், அதையும் பாரு. சில காலேஜ் நெட்வொர்க்ல பிங்கையே பிளாக் பண்ணி வெச்சிருப்பாங்க, அதனால பிங் போகலன்னு மட்டும் வெச்சு நெட் இல்லன்னு முடிவு கட்டிடாத.

அப்டேட் போட்டதுக்கு அப்புறம் வைஃபை ஆப்ஷனே காணாம போறது வேற கதை. அது டிரைவர், அதாவது வைஃபை கருவியை ஓட்டுற சாஃப்ட்வேர். நிறைய யூஎஸ்பி வைஃபை அடாப்டருக்கு டிரைவரைத் தனியா கம்பைல் பண்ணிப் போட்டிருப்போம், செக்யூர் பூட் (நம்பகமான சாஃப்ட்வேரை மட்டும் ஓட விடுற பாதுகாப்பு) ஆன்ல இருந்தா சாவி ரிஜிஸ்டர் பண்ணாத டிரைவரை லினக்ஸோட மையமான கெர்னல் உள்ள விடாது. இன்ஸ்டால் பண்றப்ப ஒரு பாஸ்வேர்ட் கேட்டு, ரீபூட்ல ஒரு நீல ஸ்க்ரீன் வரும் பாரு, அதுலதான் சாவியை என்ரோல் பண்ணணும். முக்கால்வாசிப் பேர் என்னன்னே படிக்காம கன்டினியூ அடிச்சுட்டு, வைஃபை வரலன்னு புலம்புவாங்க, யாராவது ஒருத்தர் செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணிடு ப்ரோன்னு சொல்லுவார், ஆஃப் பண்ணா வேலையும் செய்யும். ஆனா எதை எதுக்காக ஆஃப் பண்ணோம்னு தெரியாம ஆஃப் பண்றவனுக்கு யாரும் சர்வர் பாஸ்வேர்ட் குடுக்க மாட்டாங்க. திரும்ப அந்த ஸ்க்ரீனை வரவெச்சு என்ரோல் பண்ணிப் பாரு, நெட்வொர்க் பிரச்சனை மாதிரி வந்தது செக்யூரிட்டி விஷயமா இருந்ததுன்னு உனக்கே புரியும், இன்டர்வியூல சொல்ல ஒரு நல்ல கதையும் கிடைக்கும்.

டிஸ்க் விஷயமும் இப்படித்தான் வேஷம் போட்டு வரும். பாஸ்வேர்ட் சரியா போட்டாலும் திரும்பத் திரும்ப லாகின் ஸ்க்ரீனே வருதுன்னா பயந்து ஃபார்மேட் அடிக்காத. கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அடிச்சா கறுப்பு டெர்மினல் வரும், அதுல லாகின் பண்ணி டிஸ்க்ல எவ்ளோ இடம் போயிருக்குன்னு காட்டுற டிஎஃப் (df) கமாண்ட் போடு, 100%னு நின்னுச்சுன்னா அதான் குற்றவாளி, டெஸ்க்டாப் எழுந்திரிக்க ரெண்டு சின்ன ஃபைல் எழுதக்கூட இடம் இல்ல. யார் இடத்தைத் தின்னதுன்னு டியூ (du) கமாண்ட்ல பாரு, டைம்ஷிஃப்ட் எடுத்து வெச்ச சிஸ்டம் பேக்கப், டாக்கர்ல ஆப் ஓட்ட இறக்கின இமேஜ், கண்டபடி வளந்த லாக் (சிஸ்டம் எழுதுற பதிவு), பெரும்பாலும் இதுல ஒண்ணாதான் இருக்கும். பெரிய லாக் ஃபைலை டெலிட் பண்ணியும் இடம் வரலன்னா ஏதோ ஒரு ப்ராசஸ் அதை இன்னும் திறந்து வெச்சிருக்கு, அதை ரீஸ்டார்ட் பண்ணாதான் இடம் விடும். இடம் பாதி காலியா இருக்கு ஆனாலும் இடம் இல்லன்னு எரர் வருதா, ஐநோட் தீந்துடுச்சான்னு பாரு, ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒண்ணு வேணும், அதோட எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு உண்டு. இந்த ரெண்டும் லினக்ஸ் அட்மின் இன்டர்வியூல ஆஸ்தான கேள்விங்க.

செக்யூரிட்டின்னதும் ஹேக்கிங் டூல்ஸோட வர்ற காளி லினக்ஸ் போட்டு பக்கத்து வீட்டு வைஃபையை உடைக்கிறதுன்னு ஒரு கூட்டம் இருக்கு. சார், இதை நீங்களும் கவனிங்க, அடுத்தவங்க நெட்வொர்க்ல அனுமதி இல்லாம நுழையுறது ஐடி ஆக்ட் 2000-ல 66-ஆவது பிரிவுப்படி குற்றம், 3 வருஷம் வரை ஜெயில், இல்லன்னா 5 லட்சம் ரூபா வரை அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். தம்பி கத்துக்க வேண்டியது இதை விட போரான விஷயம். பர்மிஷன் எரர் வந்தா எல்லாத்துக்கும் 777, அதாவது யார் வேணா படிக்க, எழுத, ஓட்டலாம்னு அனுமதி குடுக்கிற பழக்கத்தை விடணும். தூரத்துல இருக்கிற சர்வருக்குள்ள நுழையுற எஸ்எஸ்ஹெச்சோட சாவி ஃபைலுக்கு 777 குடுத்துப் பாரு, பர்மிஷன் ரொம்ப ஓப்பனா இருக்குன்னு சொல்லி எஸ்எஸ்ஹெச்சே அந்த சாவியை வாங்க மாட்டேங்கும். ஏன்னு யோசிச்சாலே பாதி செக்யூரிட்டி பாடம் முடிஞ்சுது.

2024 மார்ச்ல எக்ஸ்இசட்னு ஃபைலைச் சுருக்குற ஒரு லைப்ரரில பேக்டோர் (திருட்டுத்தனமா வெச்ச கொல்லைக்கதவு) இருந்ததைக் கண்டுபிடிச்சாங்க தெரியுமா, 5.6.0, 5.6.1 ரெண்டு வெர்ஷன்லயும் இருந்துச்சு. கண்டுபிடிச்ச ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் செக்யூரிட்டி ஆளே இல்ல, மைக்ரோசாஃப்ட்ல போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வேலை பாக்குறவர். எஸ்எஸ்ஹெச் லாகின் வழக்கத்தை விட அரை செகண்ட் லேட் ஆகுதேன்னு நோண்டப் போய் சிக்குச்சு. மத்தவங்க சரி போகுதுன்னு விடுற அரை செகண்டை விடாம துரத்துற குணம்தான் இந்த லைன்ல சோறு போடும்.

அதனால தம்பி ஒண்ணு பண்ணணும், ஒவ்வொரு பிரச்சனைக்கும் ஒரு சின்ன நோட். என்ன நடந்துச்சு, என்ன சந்தேகப்பட்டேன், எதைப் பாத்து எதை விலக்கினேன், கடைசில என்ன. இங்கிலீஷ்லயே எழுது, தப்பா இருந்தாலும் பரவால்ல, வேலைல டிக்கெட் (புகாரும் அதைத் தீத்த விதமும் எழுதுற பதிவு) அப்படித்தான் எழுதணும். அம்பது கமாண்ட் மனப்பாடம் பண்ணவனை விட இப்படி நாலு நோட் வெச்சிருக்கிறவன்கிட்டதான் இன்டர்வியூ எடுக்கிறவர் கூட நேரம் பேசுவார்.

சர்டிஃபிகேட் கேட்டீங்க சார். ரெட் ஹேட்ங்கிற லினக்ஸ் கம்பெனியோட ஆர்ஹெச்சிஎஸ்ஏ (RHCSA) அட்மின் சர்டிஃபிகேட் நல்ல பேர் உள்ளது, ஏபிசிடி டிக் அடிக்கிற பரீட்சை இல்ல, மெஷினைக் குடுத்து இந்த வேலையெல்லாம் செஞ்சு முடின்னு விட்டுடுவாங்க, 300-க்கு 210 எடுத்தா பாஸ், ரீபூட் பண்ணதும் நீ செஞ்சது நிக்கலன்னா மார்க் இல்ல. 3 வருஷம்தான் செல்லும், அதனால ரெண்டாவது வருஷத்துலயே எழுதி வீணடிக்க வேண்டாம், ஃபைனல் இயர்ல எழுதட்டும். அதுவரைக்கும் விர்ச்சுவல்பாக்ஸ்ல (கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் ஓட்டுற சாஃப்ட்வேர்) ரெட் ஹேட் மாதிரியே இருக்கிற இலவச அல்மாலினக்ஸ் போட்டு, பழைய நிலைக்குத் திரும்ப ஸ்னாப்ஷாட் எடுத்து வெச்சுட்டு, வேணும்னே உடைச்சு சரி பண்ணிப் பழகட்டும். ஆரம்பத்துக்கு ஐஐடி பாம்பேயோட ஸ்போக்கன் டுட்டோரியல்ல லினக்ஸ் பாடம் தமிழ்லயே ஓசியா இருக்கு.

அந்த இன்ஸ்டிட்யூட் 100% பிளேஸ்மென்ட்னு எழுபதாயிரம் கேக்குதுன்னீங்களே, கட்டாதீங்க. அதுல ஒரு சின்ன பங்கை எடுத்து முதல்ல ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கிக் குடுங்க, காலேஜ் ப்ராஜெக்ட் இருக்கிற ஒரே லேப்டாப்லதான் இத்தனை சோதனையும் நடக்குதுன்னு சொல்றீங்க, பேக்கப் எங்கன்னு இன்னிக்கு ராத்திரியே அவன்கிட்ட கேளுங்க.