காட்டுச் செம்மறி வேட்டை, மலை ஆட்டு வேட்டை: இரண்டில் எது கடினம்? நம் மலைநாட்டில் மலை ஆடு இருக்கிறதா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. இலங்கையில் காட்டுச் செம்மறியும் கிடையாது, காட்டு வெள்ளாடும் கிடையாது. "கேளையாடு இருக்கிறதே" என்று யாராவது உடனே வருவார்கள். கேளை மான் இனம். பெயரில்தான் ஆடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாடு, கேரள மலைகளில் இருக்கும் வரையாட்டை எடுத்துக்கொண்டாலும், மரபணுவைப் பார்த்தவர்கள் அது வெள்ளாட்டைவிடச் செம்மறிக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்கிறார்கள். நீங்கள் கேட்கும் வட அமெரிக்க மலை ஆடும் உண்மையான வெள்ளாட்டுப் பேரினத்தில் சேராது. ஆடு என்ற பெயரை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது.

கேள்வியைப் பார்த்தால் கனடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் சொந்தக்காரர் யாரோ உங்களை வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார் போலத் தெரிகிறது. "ஆடுதானே, எதை அடித்தால் என்ன" என்று கிளம்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் துப்பாக்கி பிடித்தவன் இல்லை. ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன், 20 வருடமாகச் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். "வேன் ஓட்டுகிறவனுக்கு அலாஸ்கா வேட்டையைப் பற்றி என்ன தெரியும்" என்று கேட்க நினைப்பவர்கள் தயவுசெய்து முழுவதையும் படித்துவிட்டுக் கேளுங்கள். எனக்குச் சொன்னவர் அந்த மலைகளில் 30 வருடத்துக்கு மேல் வழிகாட்டியாக வேலை செய்தவர். அவரோடு 6 நாள் இருந்தேன். அவர் சொன்னதைப் பிறகு நானே தேடிப் படித்தும் பார்த்துக்கொண்டேன்.

2019 ஜனவரியில் அவரும் அவர் மனைவியும் வந்தார்கள். 70 வயதைத் தாண்டியவர். ஹோர்ட்டன் சமவெளிக்கு விடிவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். அந்தக் குளிரில் மற்றவர்கள் எல்லாம் "உலக முடிவு" என்ற செங்குத்துப் பள்ளத்தைப் பார்க்க ஓடிக்கொண்டிருந்தார்கள். இவர் பழைய வேட்டை விடுதியான ஃபார் இன் பக்கத்திலேயே நின்றுவிட்டார். புல்லில் மரை என்ற பெரிய மான் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது, நல்ல கொம்புள்ள கிடா. பைனாகுலரைக் கண்ணில் வைத்தவர் முக்கால் மணி நேரம் எடுக்கவே இல்லை. நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், அது ஆறியே போனது.

அந்த மரையின் கொம்பு விழுந்து மறுபடி முளைக்கும் என்று சொன்னேன். மானுக்கு அப்படித்தான், ஆனால் செம்மறிக்கு ஒரே கொம்பு ஆயுசு முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும் என்றார். குளிர்காலத்தில் வளர்ச்சி நின்றுவிடும், அந்த இடத்தில் வளையம் விழும். வளையத்தை எண்ணினால் வயது. எனக்கு அது சட்டென்று புரிந்தது. என் அப்பா தேயிலைச் செடியின் அடியைப் பார்த்தே எத்தனை கவ்வாத்து கண்ட செடி என்று சொல்லிவிடுவார். வெட்டு விழுந்த இடமெல்லாம் முடிச்சாக நிற்கும். இதைச் சொன்னபோது அவருக்கு அவ்வளவு சந்தோஷம். வழியில் வேனை நிறுத்தச் சொல்லி ஒரு செடியின் அடியைக் குனிந்து பார்த்தார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

அலாஸ்காவில் இருப்பது டால் செம்மறி. வெள்ளை நிறம். பெரும்பாலான இடங்களில் சட்டம் என்னவென்றால், ஆணின் கொம்பு முழு வட்டம் சுற்றியிருக்க வேண்டும், அல்லது அதற்கு 8 வயதாவது ஆகியிருக்க வேண்டும், அல்லது இரண்டு கொம்பின் நுனியும் உடைந்திருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லாததைச் சுட்டால் குற்றம். அதனால் செம்மறி வேட்டை என்றாலே நடையும் காத்திருப்பும்தான். செம்மறிக்குக் கண் மிகக் கூர்மை. எதிர் மலையில் நீங்கள் அசைந்தால்கூடக் கண்டுகொள்ளும், கண்டுகொண்டால் மேடு தாண்டி ஓடிவிடும். பிறகு அந்த மேட்டையும் அதற்கு அடுத்த பள்ளத்தையும் நீங்கள் தாண்ட வேண்டும். 8 நாள், 10 நாள் முதுகில் கூடாரத்தைச் சுமந்து நடந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது சாதாரணம். கிடைத்தால் இறைச்சி அருமை, அதைவிடச் சுவையான காட்டு இறைச்சி இல்லை என்பார்.

மலை ஆடு வேறு மாதிரி. அதுவும் வெள்ளைதான், ஆனால் சடை மயிர், தாடி, கறுப்பில் கத்தி போல இரண்டு சின்னக் கொம்பு. ஆபத்து என்றால் தூரமாக ஓடாது. செங்குத்தான பாறைக்குப் போய் நின்றுகொள்ளும். "நீ வா பார்ப்போம்" என்கிற மாதிரி நிற்கும். குளம்பின் ஓரம் கெட்டியாகவும் நடுப்பகுதி மெத்தென்றும் இருப்பதால் ஒரு சாண் அகலத் திட்டில்கூடக் கால் பிடிக்கும். நமக்குப் பிடிக்காது. கடலோர மலைகளில் மழையும் வழுக்கலும் அதிகம். ஆட்டின் மயிர் நன்றாக அடர வேண்டும் என்று பிந்திப் போகிறவர்கள் பனியிலும் மாட்டிக்கொள்கிறார்கள். எதிரி கீழேயிருந்துதான் வரும் என்று அது கீழே பார்த்துக்கொண்டிருப்பதால், சுற்றி ஏறி மேலேயிருந்து இறங்கி வருவதுதான் வழக்கம். குண்டு பட்டாலும் உடனே விழாது. இரண்டு எட்டு வைத்து விளிம்புக்குப் போய் அங்கேயிருந்து உருளும். இறைச்சி நசுங்கி, கொம்பு உடைந்து, எடுக்க முடியாத பள்ளத்தில் கிடக்கும். அதனால் சுடுவதற்கு முன்பே எங்கே விழும் என்று பார்க்க வேண்டும். விழுகிற இடம் சரியில்லை என்றால் சுடவே கூடாது, எத்தனை நாள் ஏறி வந்திருந்தாலும் சரி.

உடம்பு வலியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், செம்மறி காலை உடைக்கும், மலை ஆடு நெஞ்சைப் பதற வைக்கும். ஆனால் அவர் பெரிதாகச் சொன்ன வித்தியாசம் வேறு. செம்மறியில் வளர்ந்த கிடாவையும் பெட்டையையும் குழந்தைகூடப் பிரித்துவிடும், பெட்டையின் கொம்பு சின்னது. மலை ஆட்டில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவுக் கொம்பு, ஒரே நிறம், ஒரே தாடி. கிடாவின் கொம்பு அடியில் தடித்து, இரண்டும் நெருங்கி, சீராக வளைந்திருக்கும். பெட்டையின் கொம்பு மெலிந்து, நடுவில் இடைவெளி விட்டு, நுனியில் மட்டும் வளையும். சிறுநீர் கழிக்கும்போது கிடா முன்னால் நீண்டு நிற்கும், பெட்டை குந்தும். இதையெல்லாம் மழையில், தூரத்தில், பாறையில் தொங்கிக்கொண்டு பார்க்க வேண்டும். பெட்டையைச் சுட்டால் நட்டம் பெரியது. 4, 5 வயதில்தான் முதல் குட்டி போடும், பெரும்பாலும் ஒரே குட்டிதான். சில பெட்டைகள் போனாலே அந்த மலையில் கூட்டம் தேய்ந்துவிடும்.

இதை அவர் எனக்குச் சொன்ன இடம் அப்புத்தளையில் ஒரு விடுதியின் பின்வாசல் படி. ஏன் பின்வாசல் என்றும் சொல்லத்தான் வேண்டும். அவர் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். விடுதிக்காரர்கள் சாரதிகள் சாப்பாட்டு அறைக்குள் வரக் கூடாது என்றார்கள். 20 வருடமாக இதே கதைதான். விருந்தாளிக்குக் கம்பளி, எங்களுக்கு ஈரச்சுவர் அறையும் ஒரு மெல்லிய பாயும். மலைநாட்டுக் குளிரில் அப்படிப் படுத்துவிட்டு விடியற்காலை 4 மணிக்கு எழுந்து வளைவு ரோட்டில் 6 பேர் உயிரை வைத்துக்கொண்டு ஓட்டுகிறோம். இதை யாரும் எழுதுவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன். அந்தப் பெரியவர் ஒன்றும் பேசாமல் தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் படியில் உட்கார்ந்துவிட்டார்.

அங்கேதான் நான் என் கதையைச் சொன்னேன். அதுவரை வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு அப்போது 17 வயது. லயத்துக்குப் பின்னால் சித்தப்பாவுக்கு ஒரு துண்டு மரக்கறித் தோட்டம். உருளைக்கிழங்கும் லீக்ஸும். நிலம் எங்கள் பெயரில் இல்லை, ஆனால் உழைப்பும் உரக் கடனும் எங்களுடையது. ஒரே இரவில் காட்டுப்பன்றி வந்து பாதிக் கிழங்கைக் கிளறிப் போட்டுவிட்டது. சித்தப்பா டவுனிலிருந்து பழைய கிளட்ச் கம்பி வாங்கி வந்தார். வேலியில் இடைவெளி இருந்த இடத்தில் சுருக்குப் போட்டோம். முடிச்சு போட்டது நான்தான், என் கை சின்னது என்று.

மூன்றாம் நாள் காலை போய்ப் பார்த்தால் கேளை. இடுப்பில் கம்பி இறுகியிருந்தது. சுற்றிலும் புல்லே இல்லை, அவ்வளவு உதைத்திருக்கிறது. பெட்டை. மடியில் பால் இருந்தது. சித்தப்பா கம்பியை வெட்டினார், ஆனால் அது எழும்பவில்லை. பிறகு நடந்ததை எழுத வேண்டாம். இறைச்சியை லயத்தில் பங்கு போட்டார்கள். அம்மா சட்டியைத் தொடவில்லை. மூன்று இரவு காட்டோரத்திலிருந்து கேளை குரைக்கும் சத்தம் கேட்டது. கேளை குரைப்பது நாய் குரைப்பது மாதிரியே இருக்கும், ஆனால் நிறுத்தி நிறுத்தி ஒரே தாளத்தில் வரும். குட்டி எங்கே கிடந்தது என்று நானும் சித்தப்பாவும் தேடினோம். கிடைக்கவில்லை.

பெரியவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். வழிகாட்டியாகச் சேர்ந்த இரண்டாம் வருடம், அலாஸ்காவுக்கு வெளியிலிருந்து வந்த ஒருவரை மலை ஆட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். வெளியாட்கள் வழிகாட்டி இல்லாமல் மலை ஆட்டையோ டால் செம்மறியையோ வேட்டையாட அங்கே சட்டம் பொதுவாக விடாது, அதனால் சுடச் சொல்கிற பொறுப்பு இவருடையது. நான்காம் நாள் மாலை, மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. தனியாக நின்ற ஆடு. கிடாதான் பெரும்பாலும் தனியாக நிற்கும். "கிடா" என்று சொல்லிவிட்டார். சுட்டார்கள். விழுந்த பிறகு பாறைக்குப் பின்னாலிருந்து குட்டி வெளியே வந்து தாயின் பக்கத்தில் நின்றது. அவர்கள் கிட்டப் போகும்வரை அது நகரவில்லையாம். இன்னும் பத்து நிமிடம் பைனாகுலரில் பார்த்திருந்தால் குட்டியைக் கண்டிருப்பேன் என்றார். ஃபார் இன்னில் முக்கால் மணி நேரம் அந்த மரையைப் பார்த்தது எதற்கென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"நீ 17 வயசுப் பையன், நான் சம்பளம் வாங்கியவன்" என்றும் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. அவருடைய ஆட்டுக்குப் பத்து நிமிடம் பார்க்க ஒரு கண்ணாவது இருந்தது. நான் போட்ட கம்பிக்கு அதுகூட இல்லை. பன்றியா, கேளையா, பெட்டையா, குட்டியோடு இருக்கிறதா என்று கம்பி பார்க்காது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் மரக்கறித் தோட்டத்துச் சுருக்கில் கருஞ்சிறுத்தை சிக்கியது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அதைக் காப்பாற்ற முடியவில்லை, சில நாளில் இறந்துவிட்டது. செய்தியில் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு என் முடிச்சுதான் ஞாபகம் வந்தது.

"பன்றி உன் தோட்டத்தை அழித்தால் தெரியும்" என்று எழுதப் போகிறவர்களுக்கு: அழித்திருக்கிறது, மேலே எழுதியிருக்கிறேன். விவசாயியைத் திட்ட நான் இதை எழுதவில்லை. நட்டத்தை ஈடுகட்ட ஒரு ஏற்பாடு இருந்திருந்தால் சித்தப்பா கம்பி வாங்கியிருக்க மாட்டார். "அப்போ வெள்ளைக்காரன் பொழுதுபோக்குக்குச் சுடுவது சரியா" என்று கேட்பவர்களும் இருப்பார்கள். 1850களை ஒட்டி சாமுவேல் பேக்கர் இதே நுவரெலியா மலைகளில் நாய்களை விட்டு மரையைத் துரத்தி வேட்டையாடினார், அதற்கு எந்தக் கணக்கும் வரம்பும் இருக்கவில்லை. அதையும் வயது எண்ணி, கிடாவா பெட்டையா என்று பார்த்து, ஒரு பருவத்துக்கு இத்தனைதான் என்று நடக்கும் வேட்டையையும் நான் ஒன்றாகப் போட மாட்டேன். இங்கே மரையும் கேளையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, சுருக்குப் போடுவதும் குற்றம், அது அப்படியே இருக்க வேண்டும்.

ஆக, என் பதில்: மலை ஆடுதான் கடினம், ஏறுவதற்காக அல்லாமல் பார்ப்பதற்காக. உங்கள் சொந்தக்காரர் கூப்பிட்டால், எது கிடாய், எது பெட்டை என்று அவர் எப்படிப் பிரிக்கிறார் என்று முதலில் கேளுங்கள். கொம்பின் அடி, இடைவெளி, வளைவு என்று பதில் வந்தால் போங்கள். "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்றால் டிக்கெட் போடாதீர்கள். முதல் தடவை என்றால் செம்மறிக்கே போங்கள், செலவு கூடத்தான் ஆகும்.

பெரியவர் கிளம்பும்போது அந்தப் பைனாகுலரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். வேனில் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சித்தப்பாவின் வேலியில் அந்த இடைவெளியைத் தகரம் வைத்து அடைத்துவிட்டோம். பன்றி வேறு பக்கமாக இன்னும் வருகிறது.