செப்சிஸில் குலையும் வளர்சிதைமாற்றம்: எதை முதலில் ஆராய வேண்டும்?

நோய்த்தொற்று முற்றி, அதற்கு உடல் காட்டும் எதிர்வினையே உறுப்புகளைச் சேதப்படுத்தும் செப்சிஸாகும்போது, உடல் உணவை ஆற்றலாக மாற்றிப் பயன்படுத்தும் வளர்சிதைமாற்றம் எவ்வாறு குலைகிறது என்பதை அறிய, ஆராய்ச்சி முதலில் எதில் கவனம் செலுத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் மருத்துவராக என் விடை இதுதான்: பரிசோதனை அறிக்கையில் நாம் காணும் மாற்றங்களில் எது நோய் விளைவிக்கும் கேடு, எது உடல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் ஏற்பாடு என்று பிரித்தறிவதே முதல் வேலை. அது தெரியாமல் அளவுகளைத் திருத்தப் புகுந்ததன் விளைவை நாம் ஏற்கெனவே கண்டிருக்கிறோம்.

சர்க்கரையையே எடுத்துக்கொள்ளலாம். செப்சிஸ் வந்தவருக்கு முன்பு நீரிழிவே இல்லாதிருந்தாலும் சர்க்கரை ஏறக்கூடும். நெருக்கடியில் சுரக்கும் ஹார்மோன்களான அட்ரினலினும் கார்ட்டிசாலும் கல்லீரலை முடுக்கிக் குளுக்கோஸை வெளிவிடச் செய்கின்றன, தசைகளோ இன்சுலினுக்குச் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. 2001இல் பெல்ஜியத்தின் லூவென் நகரில் கிரீட் வான் டென் பெர்க தலைமையிலான குழு, அறுவைச் சிகிச்சைக்கான தீவிரப் பிரிவில் இருந்தவர்களின் சர்க்கரையை இன்சுலின் கொடுத்து 80 முதல் 110 மில்லிகிராமுக்குள் நிறுத்தியபோது, அப்பிரிவில் இறப்பு 8 சதவீதத்திலிருந்து 4.6 சதவீதமாகக் குறைந்ததாக அறிவித்தது. பல நாடுகளில் இம்முறை பின்பற்றப்பட்டது. ஆனால் ஜெர்மனியில் செப்சிஸ் நோயாளிகளிடமே நடந்து 2008இல் வெளியான ஆய்வில், சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்ததால் இன்சுலினால் கடுமையாகக் கட்டுப்படுத்தும் பகுதியை இடையிலேயே நிறுத்த நேர்ந்தது. மறு ஆண்டு வெளிவந்த நைஸ்-சுகர் ஆய்வில், தீவிர சிகிச்சையிலிருந்த 6,104 பேரில், கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டோரில் 27.5 சதவீதத்தினரும், 180 வரை விடப்பட்டோரில் 24.9 சதவீதத்தினரும் 90 நாட்களுக்குள் இறந்தனர். இன்றும் நோயாளியின் வீட்டார், "சுகர் இவ்வளவு இருக்கிறதே டாக்டர், குறைக்க மாட்டீர்களா?" என்று கலங்கிக் கேட்கும்போது, இந்த வரலாற்றை மனத்தில் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

குளுக்கோஸ் சிதையும்போது உண்டாகும் லாக்டேட் என்ற பொருளிலும் இதே குழப்பம் இருக்கிறது. அது கூடினால் திசுக்களுக்கு ஆக்சிஜன் போதவில்லை என்றுதான் நாங்கள் படித்தோம். ஆனால் ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போதே அட்ரினலின் தூண்டுதலால் தசைகள் லாக்டேட்டை உண்டாக்குகின்றன, இதயமும் மூளையும் அதையே எரிபொருளாகவும் பயன்படுத்துகின்றன.

செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் உறுப்புகளான மைட்டோகாண்ட்ரியா பற்றிய ஆய்வுகளை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். 2002இல் லண்டனில் மெர்வின் சிங்கரின் குழு, செப்சிஸால் இரத்த அழுத்தம் ஆபத்தாகத் தாழும் செப்டிக் ஷாக்கில் இருந்தவர்களின் தசைத் துணுக்குகளை ஆராய்ந்தபோது, பின்னர் இறந்தவர்களின் தசையில் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி குறைந்திருந்தது. அதே சமயம், செப்சிஸில் செயலிழந்த உறுப்புகளைப் பிரேதப் பரிசோதனையில் பார்த்தால், வியக்கத்தக்க அளவுக்குக் குறைவான செல்களே மடிந்திருக்கின்றன. ஆகவே செல்கள் ஆற்றலைச் சேமிக்கத் தம் வேலையைத் தாமே ஒடுக்கிக்கொள்கின்றனவோ என்ற கருத்து எழுந்தது. அது சரியென்றால், ஒடுங்கிய உறுப்பை முதல் நாளே மருந்தால் விரட்டுவது தீங்காகலாம். அதே மருந்து பத்தாம் நாளில் உதவவும் கூடும். எனவே ஒரே நாளில் எடுத்த இரத்தத்தை மட்டும் நம்பாமல், ஒரே நோயாளியை நாள்தோறும் தொடர்ந்து அளந்து, செல்கள் மீளத் தொடங்கும் தருணத்தைக் காட்டும் அடையாளத்தைத் தேடும் ஆய்வுகளுக்கே முதலில் நிதி போக வேண்டும் என்பேன்.

கிருமியும் கணக்கில் வர வேண்டும். 2016இல் யேல் பல்கலைக்கழகத்தில் ருஸ்லான் மெட்ஜிடோவின் ஆய்வகம், லிஸ்டீரியா பாக்டீரியா தொற்றிய எலிகளுக்குக் குளுக்கோஸ் கேடாகவும், இன்ஃபுளுவென்சா வைரஸ் தொற்றியவற்றுக்கு அதுவே உயிர்காப்பதாகவும் இருந்ததைக் காட்டியது. ஆயினும் ஆய்வக எலி பெரும்பாலும் இளையது, வேறு நோயற்றது. எங்களிடம் வருபவரோ பெரும்பாலும் முதியவர், பல ஆண்டு நீரிழிவுக்காரர், அதற்கான மெட்ஃபார்மின் மாத்திரை உட்கொள்பவர். இந்த இடைவெளியை நிரப்பாத எலி ஆய்வுகள் இனியும் பெருகுவதால் பயனில்லை.

கடைசியாகத் தசையைச் சொல்ல வேண்டும். 2013இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வின்படி, தீவிர சிகிச்சையில் பத்தே நாட்களில் தொடைத் தசையின் குறுக்குப் பரப்பு சராசரியாக 17.7 சதவீதம் சுருங்கியது. புரதத்தைக் கூட்டிக் கொடுத்தால் தீரும் என்று எண்ணினோம். 2023இல் வெளியான, 1,301 பேரைக் கொண்ட ஆய்வில் அதனால் பலன் கிட்டவில்லை. காலில் ஏற்பட்ட புண்ணிலிருந்து செப்சிஸ் வந்து, மூன்று வாரங்களுக்குப் பின் பிழைத்து வீடு சென்ற ஒருவரால் அன்று தண்ணீர் டம்ளரைத் தூக்க முடியவில்லை. பெரும்பாலான ஆய்வுகள் 28ஆம் நாளிலோ 90ஆம் நாளிலோ உயிருடன் இருந்தாரா என்று மட்டுமே எண்ணுகின்றன. அந்த டம்ளரை அவர் மறுபடி எப்போது தூக்கினார், தூக்கினாரா என்பதும் ஓராண்டு வரை அளக்கப்பட வேண்டும்.